ஒரு கூரையும் பல அடுப்புகளும்

இலக்கிய ஏடொன்றில் சாப்பாட்டுக் கடைகளைப் பற்றி விமர்சனம் எழுதுவதா என்று வாசகர் சிலர் முகஞ் சுளிக்கக்கூடும். நாவலையும் நாடகத்தையும் திரைப்படத்தையும் மக்கள் வாழ்வோடு பொருத்தி எடைபோடும் நாம், அம்மக்கள் நாள்தோறும் கூடியுண்ணும் இடத்தை மாத்திரம் விளம்பரக்காரரிடம் ஒப்படைத்துவிட்டு வாளாவிருத்தல் முறையாகாது. யார் யாரோடு அமர்ந்து உண்ணலாம், யார் சமைத்ததை யார் உண்ணலாம் என்ற கேள்விகளைச் சுற்றியே நமது சமுதாயத்தின் மேடுபள்ளங்கள் நெடுங்காலமாக அமைந்து வந்திருக்கின்றன. ஆகவே உண்ணுமிடமும் விமர்சனத்துக்குரிய பொருளே என்பது எமது துணிபு.

கொழும்பு மாநகரிலே கடந்த சில ஆண்டுகளில் எழுந்துள்ள பேரங்காடிகளில் பொது உணவு மண்டபம் இன்றியமையாத அங்கமாகிவிட்டது. 'பூட் கோர்ட்' என்று நகரத்தார் அதனைச் சொல்வர். 2019ஆம் ஆண்டு காலிமுகத் திடலுக்கு அருகில் திறக்கப்பட்ட வன் கோல் பேஸ் அங்காடியிலும் இத்தகைய மண்டபம் உண்டு. இவ்வகை மண்டபங்களில் சீனத்து நூடில்ஸ், யப்பானியச் சோற்றுருண்டை, அறபு நாட்டுச் சுட்ட இறைச்சி, வட இந்தியக் குழம்பு, இத்தாலிய அப்பவகை என்று தேசங்கள் வரிசையாக நிற்கும். நடுவே பொதுவான மேசைகள். ஒரு குடும்பத்தில் ஐவர் ஐந்து நாட்டு உணவை வாங்கி வந்து ஒரே மேசையில் உண்ணலாம். உலகமே ஒரு கூரையின் கீழ் வந்துவிட்டது என்று இதனைப் போற்றுகிறார்கள்.

இப்போற்றுரையை நாம் எள்ளி நகையாட வரவில்லை. பிறநாட்டார் உணவை அருவருப்பின்றி உண்ணப் பழகுவது மனித உறவுக்கு நல்லது. அயலானின் உணவை இழித்துப் பேசும் பழக்கம் இனவெறியின் முதற்பாடங்களில் ஒன்று. அப்பாடத்தை மறக்கச் செய்யும் எதுவும் வரவேற்கத்தக்கதே. ஆயினும் ஒரு மண்டபத்திலே எத்தனை தேசத்துப் பெயர்ப்பலகைகள் தொங்குகின்றன என்பதை எண்ணி அதன் பெருமையை அளந்துவிட முடியாது. அளப்பதற்கு மூன்று கேள்விகள் வேண்டும். அங்கே அமர்ந்து உண்ண யாரால் முடியும்? அடுப்பின் முன் நிற்பவருக்கு அந்த அடுப்பில் என்ன உரிமை? யாருடைய உணவு அங்கே இடம் பெறாமற் போயிற்று?

இக்கேள்விகளைக் கொழும்பிலிருந்து கேட்பதைவிட ஓமந்தையிலிருந்து கேட்பது பயனுடையது என்று கருதுகிறோம். கண்டியில் தொடங்கி யாழ்ப்பாணத்தில் முடியும் ஏ9 வீதியில், வவுனியாவுக்கு வடக்கே, வன்னியின் வாயிலில் இருக்கும் ஊர் ஓமந்தை. குளத்துநீரை நம்பி வயல் செய்யும் உழவர்களின் ஊர். எனினும் நாட்டார் பலருக்கு அப்பெயர் நினைவூட்டுவது வயலையன்று, சோதனைச் சாவடியையே. 2002இன் போர்நிறுத்த உடன்படிக்கையை அடுத்துப் பாதை திறக்கப்பட்டபோது, அரசாங்கக் கட்டுப்பாட்டுப் பகுதியின் எல்லையாக ஓமந்தை அமைந்தது. அதற்கு முந்திய ஆண்டுகளில் வன்னிக்குள் எரிபொருள், மின்கலம், சீமெந்து, மருந்து முதலியன தடுக்கப்பட்டும் அளந்து விடப்பட்டும் வந்தன. 2006இல் பாதை மீண்டும் மூடப்பட்டது. 2009இல் இறுதிப் போரிலிருந்து உயிர் தப்பி வந்த மக்கள் ஓமந்தையில் வடிகட்டப்பட்டு முகாம்களுக்கு அனுப்பப்பட்டனர். அச்சாவடி அகற்றப்பட்டது 2015இலேதான். ஒரு மூட்டை மாவையும் ஒரு போத்தல் எண்ணெயையும் அவிழ்த்துக் காட்டி வரிசையில் நின்றவர்களுக்கு, உணவு என்பது சுவையின் விடயம் மாத்திரமன்று என்பதை எவரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

முதற் கேள்வியை எடுத்துக்கொள்வோம். பொதுவான மேசை என்பது தமிழ் மக்களிடையே தானாக வந்து சேர்ந்ததன்று, போராடிப் பெற்றது. யாழ்ப்பாணத்துத் தேநீர்க்கடைகளில் ஒடுக்கப்பட்ட மக்கள் வாங்கில் அமர முடியாது. வெளியே நின்று போத்தலிலோ தகரப்பேணியிலோ தேநீரை வாங்கிக் குடிக்க வேண்டியிருந்தது. காசு ஒன்றுதான், குவளை வேறு. அகில இலங்கைச் சிறுபான்மைத் தமிழர் மகாசபை ஐம்பதுகளில் நடத்திய தேநீர்க்கடைப் பிரவேசப் போராட்டம் நகரத்துக் கடைகள் பலவற்றின் கதவைத் திறந்தது. 1957இல் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் நிறைவேறிற்று. சட்டம் புத்தகத்தில் இருந்தது. குவளை கடையில் அப்படியே இருந்தது. 1966 ஒக்டோபர் 21ஆந் தேதி சுன்னாகத்திலிருந்து புறப்பட்ட ஊர்வலமும், அதனை அடுத்து ஊரூராக நடந்த போராட்டங்களும் வேண்டியிருந்தன. கே. டானியல் 1972இல் வெளியிட்ட 'பஞ்சமர்' நாவல் அக்காலப் போராட்டங்களின் மண்ணிலிருந்து எழுந்தது. தமிழ்நாட்டின் கதையும் வேறன்று. புகையிரத நிலைய உணவுக்கூடங்களில் பிராமணருக்கென ஒதுக்கப்பட்டிருந்த தனியிடம் 1941இலேயே ஒழிந்தது. 'பிராமணாள்' என்ற சொல்லைக் கடைப்பலகையிலிருந்து அகற்றக் கோரிப் பெரியார் சென்னையிலே மறியல் நடத்தியது 1957இல்.

இவ்வரலாற்றின் பின்னணியிலே நோக்குமிடத்து, யாரும் வந்து எந்த நாற்காலியிலும் அமரலாம் என்னும் மண்டபம் பெரியதொரு முன்னேற்றமே. ஆனால் சாதி நின்ற வாசலில் இப்போது விலை நிற்கிறது. எவரையும் 'வெளியே போ' என்று அங்கே சொல்வதில்லை. விலைப்பட்டியல் அதனைச் சொல்லிவிடுகிறது. மேசை துடைக்கும் பெண் அம்மேசையில் அமர்ந்து ஒரு வேளை உண்ண வேண்டுமாயின் எத்தனை மணிநேரக் கூலியை ஈடாகக் கொடுக்க வேண்டும் என்று கணக்கிட்டுப் பார்ப்பவர்களுக்கு இது விளங்கும். பழைய தடைக்கு எதிராகச் சட்டம் இயற்ற முடிந்தது. இந்தப் புதிய தடைக்குப் பெயர்கூட இல்லை.

இரண்டாவது கேள்வி அடுப்பைப் பற்றியது. பேரங்காடி மண்டபங்களின் அமைப்பு எங்கும் பெரும்பாலும் ஒன்றே. கூரைக்கு உரியவர் கடைக்காரரிடம் வாடகையோ, விற்பனையில் ஒரு பங்கோ, இரண்டுமோ பெறுவார். கடைக்காரர் பல கிளைகள் கொண்ட நிறுவனமாக இருப்பார். அடுப்பின் முன் நிற்கும் இளைஞன் மாதச் சம்பளக்காரன். யப்பானிய உணவைச் சமைப்பவன் யப்பானைக் கண்டவனாக இருக்க வேண்டியதில்லை. தலைமையகம் எழுதித் தந்த அளவின்படி குழம்பை ஊற்றினாற் போதும். தேசங்களின் பெயரால் அங்கே விற்கப்படுவன, அத்தேசத்து மக்களின் கையிலிருந்தும் அவர்களது வாழ்க்கையிலிருந்தும் அறுத்தெடுக்கப்பட்ட சுவைகள். பன்மை பலகையில் இருக்கிறது. அடுக்களையிலே ஒரே முறைமை ஆட்சி செய்கிறது.

பொது மண்டபம் என்றாலே இப்படித்தான் முடியும் என்று விதிவாதம் பேசுவார்க்குச் சிங்கப்பூரைச் சுட்டிக் காட்டலாம். அங்கே தெருவோரங்களில் உணவு விற்றுப் பிழைத்தவர்களை அறுபதுகளின் இறுதியில் அரசாங்கம் பதிவு செய்தது. எழுபதுகளிலும் எண்பதுகளிலும் குடியிருப்புகளுக்கும் சந்தைகளுக்கும் அருகே நீர்க்குழாயும் வடிகாலும் கூரையும் கொண்ட மண்டபங்களைக் கட்டி, அவர்களை அங்கே குடியமர்த்தியது. 1986 அளவில் அவ்வேலை முடிவடைந்தது. சீனர், மலாயர், தமிழர், தென்னிந்திய முஸ்லிம்கள் ஆகியோர் அருகருகே அடுப்பு மூட்டினர். லிட்டில் இந்தியாவின் தேக்கா நிலையத்தில் இன்றும் தோசைக்கல்லுக்கும் சீனத்து வாணலிக்கும் இடையே சில அடிகளே தூரம். ஹலால் உணவுத் தட்டுகளைத் திருப்பி வைக்க வேறிடமும் ஏனையவற்றுக்கு வேறிடமும் வைத்து, எவர் மனமும் புண்படாமல் எல்லாரும் ஒரே மண்டபத்தில் உண்ண வழி செய்திருக்கிறார்கள். வேற்றுமையைப் பேணுவதற்கு விலக்கிவைத்தல் தேவையில்லை என்பதற்கு இது நல்ல சான்று. 2020இல் யுனெஸ்கோ நிறுவனம் இப்பண்பாட்டை மனிதகுலத்தின் மரபுச்செல்வப் பட்டியலில் சேர்த்தது.

அங்கும் குறையில்லாமலில்லை. தெருவிலிருந்த சுதந்திரம் போய் உரிமப்பத்திரத்தின் கட்டுப்பாடு வந்தது. விடியுமுன் எழுந்து இரவுவரை நெருப்பின் முன் நிற்கும் முதியவர்களின் தொழிலை ஏற்கப் பிள்ளைகள் தயங்குகிறார்கள். மலிவான உணவு என்று ஊரார் மகிழும் அந்த மலிவின் சுமை சமைப்பவரின் முதுகில் இறங்குகிறது. இருந்தும், அடுப்பின் முன் நிற்பவரே கடைக்கு உரியவராகவும் இருத்தல் சாத்தியம் என்பதை அந்த மண்டபங்கள் எண்பித்துள்ளன.

இனி நமது மண்ணுக்கு வருவோம். வட மாகாண சபை இயங்கிய 2013 முதல் 2018 வரையிலான காலத்தில், பொ. ஐங்கரநேசன் விவசாய அமைச்சராக இருந்தபோது, 'அம்மாச்சி' என்ற பெயரில் உணவகங்கள் தோன்றின. வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவு ஆகிய இடங்களிலும் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியிலும் இவற்றைக் காணலாம். ஒரு கூரை, அதன்கீழ் பல பெண்கள், ஒவ்வொருவருக்கும் ஓர் அடுப்பு. வாடிக்கையாளரின் கண்ணெதிரே தோசை வார்க்கிறார்கள், அப்பம் சுடுகிறார்கள், குரக்கன் பிட்டு அவிக்கிறார்கள், இலைக்கஞ்சி ஊற்றுகிறார்கள். விலை குறைவு, இடம் துப்புரவு. வேலை செய்பவர்களில் போரினாலே கணவனை இழந்தோரும் குடும்பப் பாரத்தைத் தனியே சுமப்போரும் பலர். வடக்கிலும் கிழக்கிலும் போரினால் விதவைகளானோர் தொகை 89,000 என்று அரசாங்கத் தரப்பே 2010இல் கூறியது. அத்தொகைக்கு முன்னே சில உணவகங்கள் சிறு துளிதான். ஆயினும் கை நீட்டி நிவாரணம் வாங்கிய பெண் அடுப்புக்கு உரியவளாக நிமிர்ந்து நிற்பதைச் சிறிதென்று எவரும் தள்ளிவிட முடியாது. கொழும்பு மண்டபத்தின் பளிங்குத் தரையை இந்த எளிய கூடம் இந்த ஒரு விடயத்தில் வென்றுவிட்டது.

பாராட்டிவிட்டு ஓய்ந்துவிடுவது விமர்சனமன்று. 'அம்மாச்சி' என்பது வன்னி வழக்கில் தாயைப் பெற்றவளைக் குறிக்கும் இனிய சொல். ஆனால் அந்த இனிமையில் ஓர் ஆபத்தும் உண்டு. பேரப்பிள்ளைக்குப் பிட்டு அவிக்கும் அம்மாச்சி கூலி கேட்பதில்லை. கூடத்திலே நிற்பவளோ வீட்டு வாடகையும் பிள்ளையின் பள்ளிச் செலவும் கடன் தவணையும் உள்ள உழைப்பாளி. அவளது வேலையை அன்பு என்று அழைக்கத் தொடங்கினால் அதன் விலையைக் குறைத்துக் கேட்க நமக்கு நா கூசாது. 2022இல் நாடு பொருளாதார நெருக்கடியில் வீழ்ந்து, உணவுப் பணவீக்கம் செப்டெம்பர் மாதத்திலே 90 வீதத்தைத் தாண்டியது. உழுந்தும் எண்ணெயும் எரிவாயுவும் ஏறிய வேகத்திலே வடையின் விலையை ஏற்ற முடியுமா? ஏற்றினால் உண்ணும் ஏழை வரான்; ஏற்றாவிட்டால் சுடும் ஏழை நலிவாள். இரு ஏழைகளை எதிரெதிரே நிறுத்தி அதற்கு மலிவு என்று பெயரிடலாகாது. மலிவு உணவு சமுதாயத்துக்குத் தேவையென்றால் அதன் செலவைச் சமுதாயமே ஏற்க வேண்டும். மூலப்பொருளை மொத்தமாக வாங்கிக் கொடுக்கும் கூட்டுறவு, நோயுற்ற நாளுக்கு ஒரு சேமநிதி, கூடத்தின் நிருவாகத்திலே அப்பெண்களுக்கு வாக்கு ஆகியன வேண்டும். வடக்கிலே நல்ல கூட்டுறவு மரபு இருந்தது. அதனை இங்கே உயிர்ப்பிக்கலாம்.

பெயரைப் பற்றி இன்னொரு சர்ச்சையும் நடந்தது. மத்திய அரசாங்கத்தின் விவசாயத் திணைக்களம் தென்னிலங்கையில் 'ஹெல பொஜுன்' என்ற பெயரில் இதேபோன்று பெண்கள் நடத்தும் உள்ளூர் உணவுக் கூடங்களை அமைத்திருந்தது. வடக்கிலும் அப்பெயரே இருக்க வேண்டும் என்று மத்தியிலிருந்து வற்புறுத்தல் வந்தது. மாகாண சபை மறுத்தது. மறுத்தது நியாயமே. 'ஹெல' என்னும் சொல்லுக்குள் தமிழ்ப் பெண்ணுக்கு இடமில்லை. ஆனால் இச்சர்ச்சையிலே எவரும் ஊன்றிக் கவனியாத ஒன்றுண்டு. இரு கூடங்களிலும் வெந்துகொண்டிருந்த உணவு ஏறக்குறைய ஒன்றே. இங்கே இடியப்பம், அங்கே இந்தி ஆப்ப. இங்கே பிட்டு, அங்கேயும் பிட்டு. இங்கே இலைக்கஞ்சி, அங்கே கொல கெந்த. குரக்கன் இருவருக்கும் பொது. மேலே பலகைக்காக அதிகாரிகள் சண்டையிட்டுக்கொண்டிருந்தபோது, கீழே அடுப்புகள் ஒரே பாஷையைப் பேசிக்கொண்டிருந்தன. உழைக்கும் மக்களின் பண்பாட்டில் எவ்வளவு பொதுமை உண்டென்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டா.

மூன்றாவது கேள்வி எஞ்சியிருக்கிறது. யாருடைய உணவு இடம் பெறவில்லை? அம்மாச்சிக் கூடங்கள் சைவ உணவகங்கள். துப்புரவுக்கும் செலவுச் சுருக்கத்துக்கும் அது வசதி என்பதை மறுக்கவில்லை. எனினும் 'எமது பாரம்பரிய உணவு' என்று சொல்லிவிட்டு மீனையும் கருவாட்டையும் வாசலிலே நிறுத்துவது பாரம்பரியத்தை ஒரு சாராரின் அடுக்களையாகச் சுருக்கிவிடும். வன்னி உழவனின் குளத்துமீன் குழம்பு, முல்லைத்தீவுக் கடற்றொழிலாளியின் கருவாடு, மீனும் நண்டும் இட்டுக் காய்ச்சும் ஒடியற்கூழ் ஆகியவையும் இம்மண்ணின் பாரம்பரியமே. 1977இலும் 1983இலும் நடந்த இனவன்செயல்களால் துரத்தப்பட்டு வன்னியிலே குடியேறிய மலையகத் தமிழர் தோட்டத்திலிருந்து கொண்டுவந்த றொட்டியும் சம்பலும் இம்மண்ணுக்கு உரியனவாகிவிட்டன. 1990 ஒக்டோபரில் வடக்கிலே புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிகளிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களின் அடுப்பு எங்கே? அவர்களின் ஆட்டிறைச்சிக் கஞ்சிக்கும் வட்டிலப்பத்துக்கும் ஓர் இடம் ஒதுக்காத கூடம், அவர்களுக்கு இழைக்கப்பட்ட அநீதியை மறந்துவிட்ட கூடமாகவே தோன்றும். யப்பானையும் இத்தாலியையும் அழைக்கு முன்னர் அயலானை அழைத்தல் வேண்டும்.

இந்த மூன்று கேள்விகளும் ஒருங்கே வந்து சேரும் இடம் ஓமந்தை. 2011இல் புகையிரதம் ஓமந்தை வரை வந்தது. 2014இல் யாழ்ப்பாணம் வரை சென்றது. தெற்கிலிருந்து உல்லாசப் பயணிகளும், கொழும்பிலிருந்து வியாபாரிகளும், புலம்பெயர்ந்து விடுமுறைக்கு வரும் உறவினரும் இப்பாதையாலேயே செல்கிறார்கள். போர் முடிந்த பின்னர் ஏ9 வீதியோரத்தில் இராணுவம் சிற்றுண்டிச்சாலைகளை நடத்தியது. பயணிகளின் காசு சீருடைக்காரரின் கல்லாவில் விழ, வீதியோரத்து மக்கள் பார்த்து நின்றனர். உள்ளூர்ச் சிறுகடைக்காரர் அரசின் நிலத்தோடும் அரசின் ஆட்பலத்தோடும் போட்டியிட முடியுமா? 2016இல் வவுனியா மாவட்டத்துக்குரிய பொருளாதார மத்திய நிலையத்தை ஓமந்தையில் அமைப்பதா, தாண்டிக்குளத்தில் அமைப்பதா என்று அரசியல்வாதிகள் மாதக்கணக்கில் வாதிட்டனர். ஈற்றிலே வேறோரிடத்தில் கட்டடம் எழுந்தது. எழுந்த பின்னரும் ஆண்டுக்கணக்கில் பூட்டிக் கிடந்தது. கத்தரிக்காயும் பூசணியும் விளைவித்தவனிடம் எவரும் இடம் கேட்கவில்லை. கட்டடம் மக்களுக்காக என்று சொல்லி மக்களின்றிக் கட்டினால் அதன் முடிவு பூட்டுத்தான்.

நாளை ஓமந்தையிலோ வீதியோரத்து வேறோரூரிலோ பல்வகை உணவு மண்டபம் ஒன்றைக் கட்ட முன்வருவார் இருப்பின், அவர்களிடம் நாம் கேட்பது அதிகமன்று. அடுப்புகள் உள்ளூர்ப் பெண்களுக்கும் சிறு சமையற்காரருக்கும் நீண்டகால உரிமையுடன் கொடுக்கப்படட்டும். அரிசியும் காய்கறியும் பாலும் தயிரும் சுற்றயல் உழவரிடம் வாங்கப்படட்டும். காட்டிலே பழுக்கும் பாலைப்பழத்துக்கும் ஒரு பருவத்தில் ஒரு தட்டு இருக்கட்டும். சைவ அடுப்பும் மீன் அடுப்பும் ஹலால் அடுப்பும் மலையக றொட்டிக் கல்லும் தத்தம் முறை கெடாது அருகருகே இருக்கட்டும். தெற்கிலிருந்து வரும் சிங்களப் பெண் ஒருத்தி அங்கே கிரிபத் சமைக்க விரும்பினால் அவளுக்கும் அதே வாடகையும் அதே உரிமையும் இருக்கட்டும். பெயர்ப்பலகை மும்மொழியில் இருக்கட்டும். எந்தவொரு மொழியும் மற்றதன் தலைமேல் ஏற வேண்டா. மேசை துடைப்பவர் தமது ஒருநாட் கூலியின் சிறு பகுதியைக் கொடுத்து அங்கே வயிறார உண்ணக்கூடிய விலை இருக்கட்டும்.

இவை கனவுகள் என்பார்க்கு ஒரு வார்த்தை. தேநீர்க்கடை வாங்கில் அமர்வதும் ஒரு காலத்திலே கனவென்றே சொல்லப்பட்டது. மனிதனை நிறுத்தி, மூட்டையை அவிழ்த்து, இவன் இப்பக்கத்தான் அவன் அப்பக்கத்தான் என்று பிரித்த ஊர் ஓமந்தை. பிரிப்பதற்கு அங்கே எவ்வளவு சீமெந்தும் கம்பியும் ஆளும் செலவாகின என்பதை நாடறியும். சேர்ந்துண்பதற்கு அதில் நூற்றிலொரு பங்கைக் கேட்பது பேராசையாகாது. கூரையை அரசாங்கம் போடட்டும். அடுப்பு உழைப்பவருடையதாக இருக்கட்டும்.